மனநலப் பிரிவுக்கு எழுதிக்கொடுத்த சீட்டு எங்கே போகிறது?

கேள்வி: தென்மாவட்ட அரசு மருத்துவமனை ஒன்றின் ஏ.ஆர்.டி. மையத்தில் (எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு மாத்திரை தரும் இடம்) நான்கு ஆண்டுகளாக ஆற்றுநராக (ஆலோசகராக) இருக்கிறேன். சமூகப்பணி படித்தவள். சென்ற வாரம் ஒரு பெண் மாத்திரை வாங்க வந்தார். கணவர் இறந்து பல ஆண்டுகள் ஆகின்றன. ஒரே மகன் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து வெளியூருக்கு வேலைக்குப் போய்விட்டான். இத்தனை காலம் வைரஸ் கண்டறிய முடியாத அளவில் இருந்தவருக்கு இம்முறை வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் வைரஸின் அளவு, ஏறியிருந்தது. "மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டேன். "சாப்பிடுகிறேன்" என்றார். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "இனி யாருக்காகச் சாப்பிட வேண்டும்?" என்று கேட்டு அழுதார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மனநலப் பிரிவுக்குச் சீட்டு எழுதிக்கொடுத்தேன். இரண்டு கட்டடம் தள்ளித்தான் இருக்கிறது. மறுநாள் விசாரித்தால், அப்படி யாரும் வரவில்லை என்றார்கள். ஜிம்பாப்வே நாட்டில் பாட்டிமார்கள் பெஞ்சில் உட்கார்ந்து மனச்சோர்வுக்குச் சிகிச்சை தருவதாகப் படித்தேன். மனநலம் படிக்காத என்னால் எங்கள் மையத்திலேயே ஏதாவது செய்ய முடியுமா? அதிகாரியிடம் கேட்டால், "அது நம் திட்டத்தின் வேலை இல்லை" என்கிறார்.

(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று மாலையே உங்களைத் தொலைபேசியில் அழைத்தேன். "இனி யாருக்காக" என்று ஒருவர் கேட்டுவிட்ட பிறகு அடுத்த இதழில் பதில் எழுதிக்கொள்ளலாம் என்று இருக்க முடியாது. அந்த அம்மாவை நீங்கள் நேரில் பார்த்துப் பேசிவிட்டீர்கள், அவர் இப்போது தங்கை வீட்டில் இருக்கிறார் என்று தெரிந்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். அவருடைய ஒப்புதலோடு, அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியே உங்கள் கடிதம் மேலே அச்சாகியிருக்கிறது.

முதலில் அந்தச் சீட்டைப் பற்றிச் சொல்கிறேன். மனநல மருத்துவராகப் பல ஆண்டுகள் அதன் மறுமுனையில் உட்கார்ந்திருந்தவன் நான். நான் வேலை பார்த்த ஒரு மாவட்ட மருத்துவமனையில், ஏ.ஆர்.டி. மைய மருத்துவர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் "வாரா வாரம் ஆள் அனுப்புகிறேனே" என்பார். "ஒருவரும் வருவதில்லையே" என்பேன் நான். பிறகு இருவரும் சேர்ந்து நோயாளிகளைக் குறை சொல்வோம். அக்கறை இல்லை, படிப்பறிவு இல்லை என்று தேநீர் ஆறும்வரை பேசுவோம்.

ஒருநாள் சீட்டு வாங்கிய ஒருவரோடு நானே நடந்தேன். ஊசி போடும் அறையைத் தாண்டி, ரத்தப் பரிசோதனை வரிசையைத் தாண்டி, அவருடைய ஊர்க்காரர் இருவர் நின்றுகொண்டிருந்த டீக்கடையைத் தாண்டிப் போக வேண்டியிருந்தது. எங்கள் பிரிவின் பலகையில் 'மனநோய்' என்று சிவப்பில் எழுதியிருந்தது, தெருமுனையிலிருந்தே படிக்கலாம். காத்திருக்கும் பெஞ்சு திறந்த வராந்தாவில் கிடந்தது. உதவியாளர் பெயரையும் ஊரையும் சேர்த்து உரக்கக் கூப்பிடுவார். அவர் கையிலிருந்த சீட்டில் 'ஆர்.வி.டி.' என்று எழுதியிருந்தது. எச்.ஐ.வி. என்று வெளிப்படையாக எழுதக் கூடாது என்பதற்காக நாம் கண்டுபிடித்த மறைமொழி அது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே எல்லா வார்டு உதவியாளர்களும் அதன் பொருளைக் கற்றுக்கொண்டுவிடுகிறார்கள். என்னோடு நடந்தவர் டீக்கடைக்குப் பக்கத்தில் வந்ததும், "சார், இன்னொரு நாள் வருகிறேன்" என்று சொல்லிவிட்டுப் பஸ் நிறுத்தத்துக்குத் திரும்பிவிட்டார். பிறகு அவர் வரவே இல்லை.

உங்கள் மையத்துக்கு வருகிறவர்களில் எத்தனை பேர், தங்கள் தாலுகாவிலேயே மாத்திரை கிடைத்தும் இரண்டு பஸ் மாறி உங்களிடம் வருகிறார்கள் என்று எண்ணிப்பாருங்கள். யார் கண்ணிலும் படக் கூடாது என்பதற்காகக் கூலி வேலையை ஒரு நாள் விட்டு, பஸ்ஸுக்குக் காசு கொடுத்து, முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு உங்கள் வாசலை மிதிக்கிறார்கள். அந்த வாசலுக்கு உள்ளேதான் அவர்கள் ஒளிக்க ஒன்றுமில்லாமல் உட்கார முடிகிறது. அங்கிருந்து எழுப்பி, 'கீழ்ப்பாக்கம்' என்ற ஊர்ப்பெயரே வசைச்சொல்லாகிவிட்ட சமூகத்தில், இன்னொரு வாசலுக்குப் போ என்கிறோம். ஒரு பழியைச் சுமந்து வந்தவர் இரண்டாவது பழியையும் தூக்கிக்கொண்டு வராந்தாவில் உட்கார வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். நான் அவர் இடத்தில் இருந்தாலும் பஸ் நிறுத்தத்துக்குத்தான் போயிருப்பேன்.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில்: முடியும். உங்கள் மையத்தில்தான் முடியும். மனநலப் பிரிவு உங்களிடம் வர வேண்டும், உங்கள் நோயாளி அங்கே போகக் கூடாது. இதற்குப் புதிய கட்டடமோ புதிய திட்டமோ தேவையில்லை.

உங்கள் அதிகாரியின் மீது எனக்குக் கோபமில்லை. அவருடைய மேசையில் கேட்கப்படும் கணக்கு வேறு. எத்தனை பேர் சிகிச்சையில் இருக்கிறார்கள், எத்தனை பேருக்கு வைரல் லோடு அடங்கியிருக்கிறது, எத்தனை பேர் விட்டுப்போனார்கள் என்பதைத்தான் மேலிருந்து கேட்கிறார்கள். அந்தக் கணக்கிலேயே அவரிடம் பேசுங்கள். எச்.ஐ.வி. உள்ளோரிடம் மனச்சோர்வு மற்றவர்களைவிடச் சுமார் இரு மடங்கு காணப்படுகிறது. மனச்சோர்வு உள்ளவர் மாத்திரையை விடுவது கூடுகிறது என்பதும் பல நாடுகளில் திரும்பத் திரும்பக் கண்டறியப்பட்டது. உங்கள் மையத்தின் 'எல்.எஃப்.யூ.' பட்டியலையும் (சிகிச்சையை விட்டுப்போனவர்கள்), வைரல் லோடு ஏறியவர்களின் பட்டியலையும் எடுத்துக்கொண்டு போய், "சார், இவர்களிடம் மாத்திரையைப் பற்றி மட்டும் கேட்டிருக்கிறோம், தூக்கத்தைப் பற்றிக் கேட்டதில்லை" என்று சொல்லிப்பாருங்கள். உலக சுகாதார நிறுவனமும் யு.என்.எய்ட்ஸும் சேர்ந்து 2022இல் வெளியிட்ட வழிகாட்டலே எச்.ஐ.வி. சேவையையும் மனநலச் சேவையையும் ஒன்றிணைக்கச் சொல்கிறது. அதிகாரிகளுக்கு அந்த மாதிரி ஒரு தாள் கையில் இருந்தால் தைரியம் வரும்.

இந்தியாவில் 1986இல் முதல் தொற்றுகள் கண்டறியப்பட்டது நம் சென்னையில்தான். அரசு இலவசமாகக் கூட்டு மருந்து கொடுக்கத் தொடங்கியது 2004 ஏப்ரல் 1 அன்று. முதலில் தொடங்கிய எட்டு மருத்துவமனைகளில் தாம்பரம் ஒன்று. அப்போதெல்லாம் சி.டி.4 என்ற நோய் எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை குறையும்வரை காத்திருந்துதான் மாத்திரை தொடங்குவார்கள். அந்தக் காத்திருப்பு உடலுக்குக் கெடுதல், சந்தேகமில்லை. ஆனால் அந்த இடைவெளியில் ஆற்றுநரும் நோயாளியும் நான்கைந்து முறை உட்கார்ந்து பேசியிருப்பார்கள். 2017 முதல், தொற்று உறுதியானால் உடனே சிகிச்சை. இரவில் ஒரே ஒரு மாத்திரை. நிலையாக இருப்பவர்களுக்குச் சில மாதத்து மாத்திரை ஒரே தடவையில் கிடைக்கிறது. எல்லாம் நல்லதுதான். நான் ஒரு நாளும் பழைய முறையைக் கேட்க மாட்டேன். ஆனால் ஒருவரின் முகத்தை நீங்கள் ஆண்டுக்குச் சில முறைதான் பார்க்கிறீர்கள் என்றால், அந்த நேரம் முழுவதும் 'எத்தனை மாத்திரை மீதி' என்ற எண்ணிக்கையிலேயே போய்விடக் கூடாது.

இனி ஜிம்பாப்வே பாட்டிமார். கதையைப் பாதி படித்திருப்பீர்கள், மீதியையும் சொல்கிறேன், ஏனென்றால் அதுவும் ஒரு பஸ் கட்டணத்தில்தான் தொடங்குகிறது. டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவரிடம் சிகிச்சை பெற்ற ஓர் இளம்பெண், அவசரமாக மருத்துவமனைக்கு வர வேண்டிய நிலையில், பஸ்ஸுக்குத் தேவையான 15 டாலர் இல்லாமல் வர முடியவில்லை. தற்கொலை செய்துகொண்டார். நாடு முழுவதற்கும் பத்துப் பன்னிரண்டு மனநல மருத்துவர்களே இருந்த காலம் அது. மருத்துவமனையில் காத்திருப்பது இனி உதவாது என்று சிபாண்டாவுக்குப் புரிந்தது. 2006இல் ஹராரே நகரின் ம்பாரே பகுதியில், ஏற்கெனவே சுகாதாரப் பணியில் இருந்த 14 பாட்டிமார்களோடு வேலையைத் தொடங்கினார். கிளினிக் வளாகத்திலேயே, மரத்தடியில், ஒரு மரப்பெஞ்சு.

அந்தப் பெஞ்சுக்கு அவர் முதலில் வைக்க நினைத்த பெயர் 'மனநலப் பெஞ்சு'. பாட்டிமார்தான், "அப்படிப் பெயர் வைத்தால் ஒருவரும் வந்து உட்கார மாட்டார்கள்" என்று தடுத்தார்கள். அதனால் 'நட்புப் பெஞ்சு' ஆயிற்று. நம் ஊரிலும் இந்த ஞானம் இல்லாமல் இல்லை. எச்.ஐ.வி. பரிசோதனை மையத்துக்கு 'நம்பிக்கை மையம்' என்று பெயர் வைத்தவர் யாரோ, அவருக்கு மக்களின் மனம் தெரிந்திருக்கிறது. என் பிரிவுக்குச் சிவப்புப் பலகை எழுதியவருக்குத் தெரியவில்லை.

மனச்சோர்வு என்ற சொல்லையும் பாட்டிமார் பயன்படுத்தவில்லை. ஷோனா மொழியில் 'குஃபுங்கிசிசா' என்று ஒரு சொல் இருக்கிறது. 'அளவுக்கு மீறி யோசிப்பது' என்று பொருள். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம் கிராமத்து அம்மாக்கள் "ஒரே யோசனையாக இருக்கிறது டாக்டர்" என்று சொல்வது இதையேதான். நாங்கள் அதைக் கேட்டுக்கொண்டே தாளில் ஆங்கிலப் பெயர் ஒன்றை எழுதிக்கொள்வோம்.

2016இல் அந்தப் பெஞ்சின் பலனை முறையாக ஆய்ந்து வெளியிட்டார்கள். 24 கிளினிக்குகள், 573 பேர், அவர்களில் பத்துக்கு நான்கு பேர் எச்.ஐ.வி. உள்ளவர்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களில் பாதிப் பேரிடம் மனச்சோர்வு அப்படியே இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்தவர்களில் ஏழு பேருக்கு ஒருவரிடம்தான் இருந்தது. பாட்டிமார் மாத்திரை எதுவும் கொடுக்கவில்லை, ஆறு முறை உட்கார்ந்து பேசினார்கள்.

ஆனால் ஒரு விஷயத்தில் உங்களை எச்சரிக்க வேண்டும். நம் ஊரில் பாட்டியைப் பெஞ்சில் உட்கார வைத்தால் வேலைக்காகாது என்பது என் கணிப்பு. நம் தெருவில் ஒரு பாட்டியிடம் காலையில் சொன்னது மாலைக்குள் எந்தெந்தத் திண்ணைக்குப் போகும் என்று உங்களுக்கே தெரியும். சாதி தெரியும், சம்பந்தி யார் என்று தெரியும், சொத்துத் தகராறு தெரியும். அங்கே நெருக்கம் உதவுகிறது, இங்கே அதே நெருக்கம் வாயை அடைத்துவிடும். நமக்குப் பாட்டியின் இடத்தில் பொருந்துகிறவர்கள், தாங்களே எச்.ஐ.வி.யோடு வாழ்ந்து மீண்டு நிற்கும் சங்கத்துத் தோழர்கள். இந்த வகையில் நமக்குப் பழைய வேர் இருக்கிறது. எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கான அமைப்பு 1998லேயே சென்னையில் தொடங்கப்பட்டது. உங்கள் மாவட்டச் சங்கத்தில் கேளுங்கள். முடிந்தால் பக்கத்துத் தாலுகாக்காரராகப் பாருங்கள், அதே ஊர்க்காரர் வேண்டாம்.

உகாண்டா அனுபவம் நமக்கு இன்னும் பொருந்தும் என்று நினைக்கிறேன். நீண்ட காலப் போரில் அடிபட்ட வட உகாண்டாவில், எதெல்ட்ரெடா நகிமுலி-ம்புங்கு என்ற பெண் மனநல மருத்துவர், மனச்சோர்வு உள்ள எச்.ஐ.வி. நோயாளிகளைச் சிறு குழுக்களாக உட்கார வைத்தார். ஆண்கள் தனி, பெண்கள் தனி. நடத்தியவர்கள் மருத்துவரல்லாத சாதாரணச் சுகாதாரப் பணியாளர்கள், பயிற்சி ஐந்து நாள். எட்டு வாரக் கூட்டம். முதலில் மனத்தில் இருப்பதைப் பேசுவார்கள், பிறகு சமாளிக்கும் வழிகளைக் கற்றுக்கொள்வார்கள், கடைசியில் சிறுதொழில் செய்து சம்பாதிக்கும் வழிக்கு வருவார்கள். 2020இல் வெளியான முடிவு: எச்.ஐ.வி. பற்றிய பாடம் மட்டும் கேட்ட குழுக்களில் ஆறு மாதம் கழித்தும் 28 சதவீதம் பேர் மனச்சோர்வில் இருந்தார்கள். இந்தக் குழுக்களில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. நம்ப முடியாத அளவு நல்ல எண் என்பதால் நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் படித்தேன். மிதமான மனச்சோர்வு உள்ளவர்களை மட்டுமே சேர்த்தார்கள் என்பதை மறக்கக் கூடாது. ஆனாலும் வருமானத்தையும் மனத்தையும் பிரிக்காமல் ஒரே கூட்டத்தில் வைத்தார்களே, அது பெரிய விஷயம். நம் பெண்களிடம் குழுக் கடனைப் பற்றிப் பேசாமல் தூக்கத்தைப் பற்றி மட்டும் பேசிப்பாருங்கள், பாதிதான் வெளியே வரும்.

சரி, உங்கள் மேசைக்கு வருவோம். ஒவ்வொருவரிடமும் இரண்டு கேள்வி. கடந்த இரண்டு வாரத்தில், எதிலும் பிடிப்பில்லாமல் இருந்ததா? மனம் சோர்ந்து, வெறுத்துப்போனதுபோல் இருந்ததா? அவ்வளவுதான். இரண்டில் ஒன்றுக்கு 'பெரும்பாலான நாட்கள்' என்று பதில் வந்தால் மேற்கொண்டு பேசுங்கள். உலகம் முழுவதும் பயன்படும் ஒன்பது கேள்விப் படிவம் ஒன்று உண்டு, தமிழிலும் கிடைக்கிறது, அதை வைத்துக்கொள்ளலாம். ஆனால் தயவுசெய்து அதைப் பத்தாவது பதிவேடாக மாற்றிவிடாதீர்கள். பேனாவைப் பிடித்தபடி "அழுகை வருகிறதா, இல்லையா?" என்று கேட்டால் யாருக்கும் அழுகை வராது.

கேட்ட பிறகு என்ன செய்வது என்பதுதானே உங்கள் பயம்? பாட்டிமார் செய்ததும் இதுவே: பிரச்சினைகளைக் கொட்டவிட்டு, அவற்றில் ஒன்றை மட்டும் நோயாளியே தேர்ந்தெடுக்கும்படி செய்து, அதற்கு என்ன செய்யலாம் என்று சேர்ந்து யோசித்து, அடுத்த சந்திப்புக்குள் செய்யக்கூடிய ஒரு சின்ன அடியோடு அனுப்புவது. தேர்ந்தெடுக்கும் உரிமை அவருடையது. இதில்தான் நம்மைப் போன்றவர்கள் சறுக்குகிறோம்.

நான் கூட இருந்து பார்த்த ஒரு பேச்சைச் சொல்கிறேன். தையல் வேலை செய்யும் பெண். மாமியார் தனித் தட்டு, தனி டம்ளர் வைத்திருக்கிறார். குழுக் கடன் நிற்கிறது. தூக்கம் இல்லை. மகளுக்குப் புதிதாகக் கல்யாணம் ஆகிச் சம்பந்தி வீட்டார் வந்து போகிறார்கள். கூட இருந்த ஆற்றுநரும் நானும் அந்தத் தனித் தட்டைத்தான் பிடித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தோம். அவமானம், பாகுபாடு என்று எங்களிடம் சொற்கள் தயாராக இருந்தன. அவர் சொன்னது, "டப்பா குலுங்குகிறது." சம்பந்தி வீட்டார் இருக்கும்போது மாத்திரை டப்பாவை எடுத்தால் சத்தம் கேட்கும், 'என்ன மாத்திரை?' என்று கேட்பார்கள் என்ற பயத்தில் அந்த நாட்களில் எல்லாம் மாத்திரையை விட்டிருக்கிறார். விட்டோமே என்ற பயத்தில் தூக்கம் போயிருக்கிறது. டப்பாவுக்குள் கொஞ்சம் பஞ்சு வைத்தால் குலுங்காது என்று ஆற்றுநர் சொன்னார். இரவு மாத்திரையை, தையல் கடைக்குப் போகும் காலை வேளைக்கு மாற்றிக்கொள்ளலாமா என்று மருத்துவரிடம் கேட்டு வந்தோம். அடுத்த முறை வந்தபோது அவரே தட்டைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.

இன்னொன்றும் சொல்லிவிடுங்கள், சொல்லியிருப்பீர்கள், மீண்டும் சொல்லுங்கள்: வைரஸ் கண்டறிய முடியாத அளவில் நிலைத்திருந்தால் உடலுறவு வழியாக மற்றவருக்குத் தொற்றாது. தன் உடம்பே விஷம் என்று பத்தாண்டுகள் நினைத்துக்கொண்டிருந்த ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவர் முகம் மாறியதைப் பார்த்திருக்கிறேன். நான் எழுதிக்கொடுத்த எந்த மாத்திரையும் அதைச் செய்ததில்லை.

தற்கொலை எண்ணத்தைப் பற்றிக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்ததாகிவிடும் என்று அன்று தொலைபேசியில் பயந்தீர்கள். அப்படி ஆவதில்லை. கேட்கப்படுவது பெரும்பாலானவர்களுக்கு ஆறுதலாகவே இருக்கிறது. "இந்தக் கஷ்டத்தில் சிலருக்கு உயிரோடு இருக்கவே வேண்டாம் என்று தோன்றும், உங்களுக்கு அப்படித் தோன்றியதுண்டா?" என்று நேராகக் கேளுங்கள். ஆம் என்றால், எப்படி, எப்போது என்று யோசித்ததுண்டா என்று கேளுங்கள். அதற்கும் ஆம் என்றால் அன்று அவரைத் தனியாக அனுப்பக் கூடாது. அன்று சீட்டு எழுதுவதில்லை, கூடவே நடக்கிறோம், அல்லது மனநல மருத்துவரை உங்கள் அறைக்கு அழைக்கிறோம். வீட்டில் பூச்சிமருந்து இருந்தால் வேறு இடத்துக்கு மாற்ற, அவர் நம்பும் ஒருவரிடம், அவர் அனுமதியோடு, சொல்ல வேண்டும். அந்த ஒருவருக்கு எச்.ஐ.வி. விவரம் தெரிய வேண்டிய அவசியமில்லை. இரவு நேரத்துக்கு 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணை எழுதிக்கொடுங்கள், தமிழிலேயே பேசலாம். போலீஸ் வழக்கு வரும் என்று பயப்படுகிறவர்களுக்கு, 2017 மனநலச் சட்டத்தின்படி தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று சொல்லுங்கள்.

எல்லாவற்றையும் மனத்தின் மேல் போட்டுவிடவும் கூடாது. இதை ஒரு மனநல மருத்துவன் சொல்கிறேன். நேற்றுவரை நன்றாக இருந்தவர் திடீரென்று ஆளே மாறிப்போய், தலைவலியோ காய்ச்சலோ குழப்பமோ இருந்தால், அவர் என்னிடம் வரக் கூடாது. பொதுமருத்துவ வார்டுக்குப் போக வேண்டும். மூளைக்காய்ச்சலாக இருக்கலாம், சி.டி.4 குறைந்தவர்களிடம் காசநோயும் பூஞ்சையும் மூளையைத் தாக்கும். மெதுவாக மறதி கூடி, பேச்சும் நடையும் மந்தமானால், வைரஸே மூளையைப் பாதித்திருக்கலாம். மருந்துகளையும் பாருங்கள். முன்பு பரவலாகக் கொடுத்த எஃபாவிரென்ஸ் என்ற எச்.ஐ.வி. மருந்து பலருக்குக் கெட்ட கனவையும் தலைச்சுற்றலையும், சிலருக்கு மனச்சோர்வையும் தந்தது. இப்போதுள்ள டொலுடெக்ராவிர் சிலருக்குத் தூக்கத்தைக் கெடுக்கும், காலையில் மாற்றிக்கொண்டால் சரியாகலாம். மனநல மருத்துவர் கார்பமாசெபின் என்ற மருந்தை எழுதினால் டொலுடெக்ராவிரின் அளவு ரத்தத்தில் குறைந்துவிடும். முதல் மருந்து பலிக்காதபோது தரும் இரண்டாம் கட்ட மருந்தில் ரிடோனாவிர் இருந்தால், நாங்கள் சாதாரணமாக எழுதும் சில தூக்க மருந்துகளும் க்வெட்டியபின் என்ற மனநல மருந்தும் உடலில் பல மடங்கு தேங்கும். இரண்டு சீட்டும் இரண்டு மருத்துவர்களிடம் தனித்தனியாக இருந்தால் இதெல்லாம் யார் கண்ணிலும் படாது. மனநலச் சிகிச்சை உங்கள் மையத்துக்கு உள்ளேயே நடக்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆண்களிடம் மனச்சோர்வு பெரும்பாலும் குடியாக வரும் என்பதை மட்டும் சொல்லி நகர்கிறேன். அதைத் தனிக் கடிதமாகவே கேளுங்கள்.

பிறவியிலேயே தொற்றோடு பிறந்து இப்போது பதின்வயதில் இருக்கும் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. "இது சத்து மாத்திரை" என்று பாட்டி சொல்லி வளர்த்திருப்பார். கூகுளில் பெயரைத் தட்டிப் பார்த்துத் தானே தெரிந்துகொண்ட பிள்ளை, அன்றிலிருந்து யாரையும் நம்பாது. ஜிம்பாப்வேயிலேயே 'ஸ்வாந்திரி' என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. 'நான் இருப்பதுபோலவே' என்று பொருள். எச்.ஐ.வி. உள்ள பதினெட்டு வயது தாண்டிய இளைஞர்களே இந்தப் பிள்ளைகளுக்குத் துணை. வைரஸ் அடங்காமல் போவதும் இறப்பும் அங்கே சேர்ந்து 42 சதவீதம் குறைந்தன. உங்கள் மையத்தில் அப்படி இரண்டு இளைஞர்கள் நிச்சயம் இருப்பார்கள்.

ஆனால் ஆப்பிரிக்காவில் இந்த வேலைகளில் பல வெளிநாட்டுப் பணத்தில் நடந்தன. 2025 ஜனவரியில் அமெரிக்கா நிதியை நிறுத்தியபோது, இப்படித் துணை நின்றவர்களில் பலரின் வேலைகள் ஒரே நாளில் நின்றன. நமக்கு அந்த விதத்தில் அதிர்ஷ்டம், சம்பளத்துக்கு ஆள் ஏற்கெனவே இருக்கிறார். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் குறிப்பிட்ட நாட்களில் தாலுகா மருத்துவமனைகளுக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் போகிறார். ஐம்பது கிலோமீட்டர் போகிறவர், மாதம் ஒரு அரை நாள் இரண்டு கட்டடம் தாண்டி உங்களிடம் வரலாம். உங்கள் மருத்துவ அலுவலர் வழியாகக் கண்காணிப்பாளருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். மருத்துவர் வந்து உட்காரும் அறைக்கு வெளியே புதிதாகப் பலகை எதுவும் மாட்டாதீர்கள். மருந்துக் குறிப்பு அதே ஏ.ஆர்.டி. அட்டையில் இருக்கட்டும். 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டம், ஒப்புதல் இல்லாமல் ஒருவரின் நிலையை வெளியிடக் கூடாது என்கிறது, சிகிச்சைக்குத் தேவையானபோது சிகிச்சை தரும் இன்னொருவரிடம் பகிர்ந்துகொள்ள இடமும் தருகிறது. இருந்தாலும் நோயாளியைக் கேட்டுவிட்டே பகிருங்கள்.

உங்களைப் பற்றி நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை. ஒப்பந்த வேலை, ஒரு நாளில் அத்தனை பேருடைய துக்கம், வீட்டில் யாரிடமும் சொல்ல முடியாத இரகசியங்கள். ஜிம்பாப்வே பாட்டிமார் தங்களுக்குள் கூடிப் பேசிக்கொள்வார்கள், அவர்களுக்கு மேலே கேட்க ஆள் உண்டு. அந்த மனநல மருத்துவர் மாதம் ஒருமுறை வரும்போது கடைசி அரை மணி உங்களுக்கு என்று முன்பே சொல்லிவையுங்கள். 'இந்த மூன்று பேரை வைத்துக்கொண்டு எனக்குத் தூக்கம் வரவில்லை' என்று சொல்ல ஓர் இடம் வேண்டும். கேட்கத் தயங்காதீர்கள், அவருக்கும் அது வேலைதான்.

அறையே இல்லை, திரைச்சீலைக்குப் பின்னால்தான் பேசுகிறேன் என்றீர்கள். மருந்து வழங்கும் அறையைக் கேட்டுப்பாருங்கள். உங்கள் மையத்தில் மருந்து வாங்குகிறவர்கள் மதியத்துக்குள் போய்விடுவார்கள் என்று சொன்னீர்கள். இரண்டு மணிக்கு மேல் அந்த அறையில் மருந்தாளுநர் கணக்கு மட்டும்தான் பார்ப்பார், அதை வெளி மேசையில் பார்க்கச் சம்மதிப்பார். இரண்டு நாற்காலியை எதிரெதிராகப் போடாமல் கொஞ்சம் கோணமாகப் போடுங்கள், கதவைப் பார்த்த நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள், அவர் முகம் வெளியே தெரியாது. மின்விசிறியை வேகமாக வையுங்கள். பழைய மின்விசிறிதானே, அந்தச் சத்தத்தில் வெளியே ஒன்றும் கேட்காது.